மூன்று முறை திரும்பி வந்த சீட்டு

“இது மருத்துவமா, மழலையா? எனக்கு இப்போதே தெரிந்தாக வேண்டும், குருவே!”

காகிதத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று ரியோசென் கத்தினார்.

ஐம்பது வயது மனிதர். சீனத்து மருத்துவ ஏடுகள் அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த ஜப்பானிய மலைக்கோயிலில் மருந்துசாலை நடத்தும் பிக்குணி ஜுகெய்யோ அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவரிடம் சீடனாகச் சேர்ந்ததே தன் பெரிய மனசு என்று ரியோசென்னுக்கு நினைப்பு.

வாசலில் நோயாளி சொல்வதைச் சீட்டில் எழுதித் தடுப்பின் இடுக்கு வழியே உள்ளே தள்ள வேண்டும். அதைப் பார்த்துத்தான் குரு மருந்து கொடுப்பார். இன்று ஒரு பெண்ணுக்காக எழுதிய ஒரே சீட்டு மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது.

“‘உதர வேதனை’ என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறேனே! என்ன குறை?”

“அவள் என்ன சொன்னாள்?” உள்ளேயிருந்து அதே கேள்வி.

“அதை நான் வாயால் வேறு சொல்லணுமா? ஒருவன் ‘ஸுகி ஸுகி’ என்கிறான், பல் விண்விண்ணென்று தெறிக்கிறதாம். இன்னொருவன் ‘ஸாரா ஸாரா’ என்கிறான், நாக்கு சொரசொரக்கிறதாம். தொட்டில் குழந்தைகூட இதைவிடக் கௌரவமாகப் பேசும்!”

“அவள் என்ன சொன்னாள்?”

ரியோசென்னுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வாசலில் ஒரு உயிர் துடிக்கிறது. நீங்கள் விளையாடுகிறீர்கள். உங்களுக்கு இரக்கமே கிடையாதா?”

திரும்பி வந்த சீட்டை எடுத்துக்கொண்டார்.

விடுவிடுவென்று வாசலுக்குப் போனார். ஓடு சுடுகிறவரின் மனைவி ஓகின் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“இன்னொரு தடவை சொல்லும்மா. எங்கே வலி?”

“எங்கேன்னு இப்ப வந்து கேக்கறீங்களா? காலையில தொண்டை கிழியக் கத்தினேனே! எப்படி வலிக்குதுன்னு சொன்னேனே!”

ஓகின் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கட்டைவிரல் நகத்தை அதில் அழுத்தி, ஒரு திருகு திருகினாள்.

“இப்படி! கிரி கிரி! கிரி கிரி!”

“ஐயோ!”

கையை உதறியபோதுதான் அவள் பக்கத்தில் காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். அடியில் கஷாயக் கறை.

“இது யார் கொடுத்தது?”

“உள்ள இருக்கற அம்மாதான். நான் கத்தின கத்து காகிதச் சுவரைத் தாண்டி அவங்களுக்குக் கேட்டிருக்கு. பின்வாசல் வழியா ஓடி வந்து குடிக்க வச்சாங்க. இப்பத் தேவலை.”

“நான் இங்கேதானே இருந்தேன்?”

“இருந்தீங்க. குனிஞ்ச தலை நிமிராம எழுதிக்கிட்டு இருந்தீங்க.”

ரியோசென் திரும்பி வந்தார்.

“மருந்து அப்போதே போய்விட்டது! பிறகு எதற்காக என்னை இப்படி அலைக்கழித்தீர்கள்?”

“அவள் என்ன சொன்னாள்?”

கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். மணிக்கட்டில் நகம் பதிந்த இடம் இன்னும் எரிந்தது.

“கிரி கிரி,” என்றார்.

“அடுத்தவரை வரச் சொல்லும்.”