பன்னிரண்டாவது பெயர்

மருதவனம் சமஸ்தானத்தில் புத்திசாலி யார் என்று கேட்டால், எல்லோரும் என்னைத்தான் கை காட்டுவார்கள். பஞ்சாட்சரம், அரண்மனை ஆஸ்தான வித்துவான். ஆனால் இங்கே நடந்த கூத்துகளில் பாதிக்கு என் வாய்தான் காரணம் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். அதை நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மகாராஜா கோதண்ட பூபதிக்கு அந்த வருஷம் யோகப் பித்துப் பிடித்திருந்தது. பட்டணத்திலிருந்து ஓர் ஆசிரியர் மோட்டாரில் வந்து இறங்கினார். இருபத்தொரு நாள் பாடம். இருபத்திரண்டாம் நாள் 'யோக பூஷணம்' என்று ஒரு சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மறுநாளே மகாராஜா சபை நடுவில் தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று காட்டினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் பஞ்சாட்சரமா?

"பரம்பரை பரம்பரையா வந்த யோகிகள்கூட இப்படி நின்னதில்லை மகாராஜா!" என்றேன். அது பொய் இல்லை. அவர்கள் யாரும் தூணைப் பிடித்ததில்லை.

மகாராஜா காலை இறக்கினார். "பரம்பரையா? கரட்டுமலை மடத்துல ஏதோ பரம்பரை இருக்காமே?"

"இருக்கு மகாராஜா. பதினொரு குருமார்கள். தினம் விடியற்காலையில சீடர்கள் அந்தப் பதினொரு பேரையும் வரிசையாச் சொல்லிக் கும்பிட்டுட்டுத்தான் பயிற்சியைத் தொடங்குவாங்க."

"நல்லது. பௌர்ணமிக்கு மறுநாளிலேருந்து பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது என் பேரு. போய் ஏற்பாடு பண்ணும்."

நான் மெல்லக் கேட்டேன்: "மடத்துல முடியாதுன்னு சொல்லிட்டா?"

"மடத்தை இழுத்துப் பூட்டி, அரண்மனை உடற்பயிற்சிக் கூடமா மாத்திடுவேன். நான் அவங்களைவிட நல்லா நிக்கிறேன்னு சொன்னது நீர்தானே? நீரே போய்ப் பூட்டிட்டுச் சாவியைக் கொண்டாரும்!"

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கரட்டுமலையில் ஒருவன் இரண்டு வருஷம் தண்ணீர் சுமந்த பிறகுதான் ஒழுங்காக உட்காரவே சொல்லிக்கொடுப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தை என் முகஸ்துதி ஒன்று பூட்டப் போகிறது. பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

மலை ஏறினேன். மடத்துத் தலைவர் வன்மீக சுவாமி கிணற்றடியில் தம் வேட்டியைத் துவைத்துக்கொண்டிருந்தார். சாஷ்டாங்கமாக அவர் காலில் விழுந்தேன். விழுந்ததோடு சரி, எழுந்திருக்க அவர்தான் கை கொடுக்க வேண்டியிருந்தது. நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னேன்.

சுவாமி துணியைப் பிழிந்தார். "அதுக்கென்ன, சேர்த்துக்கலாமே. எங்க குருமார் பேரை எப்படிச் சேர்த்தோமோ, அப்படியே."

"எப்படிச் சேர்த்தீங்க சுவாமி?"

சொன்னார். கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஏற்பாட்டை எல்லாம் நான் பார்த்துக்கறேன். நீங்க வழக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, உருளாத குறையாக மலை இறங்கினேன்.

பௌர்ணமி அன்று காலை, மேளதாளத்தோடு மகாராஜா மலைக்கு வந்தார். புதுப் பட்டு, கழுத்து நிறைய ருத்திராட்சம். மடத்துக்குப் பின்னால் பதினொரு கல்மேடைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்கு. பக்கத்தில் புதிதாக வெட்டிய குழி. அதைச் சுற்றி மூட்டை மூட்டையாக உப்பு, விபூதி, ஒரு கூடை கற்பூரம்.

"ஹோம குண்டமா? ரொம்ப ஆழமா இருக்கே!" என்றார் மகாராஜா.

"மகாராஜா தகுதிக்குக் குறைச்சு வெட்ட முடியுமா?" என்றேன்.

சீடர் ஒருவர் கயிற்றோடு வந்து, மகாராஜாவைச் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார். உச்சந்தலையிலிருந்து தரை வரை அளந்தார். பிறகு ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரை அளந்தார். "சரியா இருக்கும் சுவாமி" என்றார்.

மகாராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. என் காதருகே குனிந்து, "சிலை வைக்கப் போறாங்களா?" என்று கேட்டார்.

"சிலை எல்லாம் அப்புறம் மகாராஜா. முதல்ல நீங்க உள்ளே இறங்கணும்."

"எதுக்குள்ளே?"

"குழிக்குள்ளே. இதே மாதிரி உட்கார்ந்து கண்ணை மூடிக்கணும். கழுத்து வரைக்கும் விபூதி. அதுக்கு மேலே உப்பு, கற்பூரம். அப்புறம் ஒரு பெரிய கல்லை வெச்சு மூடிடுவாங்க. நாளைக்கு விடியற்காலையில சீடர்கள் பன்னிரண்டு பேரையும் சொல்லிக் கும்பிடுவாங்க."

மகாராஜா துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் ஒற்றைக் காலில்தான் நின்றார். தூண் தேவைப்படவில்லை.

"ஓய்! அது ஜீவசமாதி இல்லையா?"

"அதேதான் மகாராஜா. இந்த மடத்துல சமாதியானவங்க பேரைத்தான் வரிசையில சொல்லுவாங்க. உயிரோட இருக்கிறவங்க எப்பேர்ப்பட்டவங்களா இருந்தாலும் சேர்க்கிறதில்லை. அது வழக்கம்."

மகாராஜா சுவாமி பக்கம் திரும்பினார். "அப்போ உங்க பேரு?"

"இன்னும் இல்லை" என்றார் சுவாமி. "நாப்பது வருஷமா உட்காரத்தான் பழகிட்டிருக்கேன். அவசரமில்லை."

மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். நான் என் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன். மகாராஜா குழியைப் பார்த்தார். உப்பு மூட்டைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முதலில் மீசைதான் ஆடியது. அப்புறம் மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்கும் அவசரமில்லை சுவாமி. மடம் மடமாவே இருக்கட்டும், யாரும் பூட்ட வேண்டாம்" என்றவர், தம் தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து எனக்குப் போர்த்தினார். அது என் முதுகை மூடியது, முன்பக்கம் சேரவில்லை.

"ஆனா ஓய்," என்றார் மகாராஜா, கண்ணில் குறும்போடு, "இவ்வளவு பாடுபட்டு வெட்டின குழி வீணாப் போகலாமா? நீர் இறங்கும். பன்னிரண்டாவதா உம்ம பேரு இருக்கட்டும்."

நான் குழியைப் பார்த்தேன். குனிந்து என் தொப்பையைப் பார்த்தேன். பிறகு பதினொரு மேடைகளையும் பார்த்துக் கைகூப்பினேன்.

"எனக்குச் சம்மதம்தான் மகாராஜா. ஆனா நான் இறங்கினா, இத்தனை காலமா அசையாம உட்கார்ந்திருக்கிற பதினொரு பேரும் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டியிருக்குமே!"