ஈசல் தின்ற காவல்காரன்

குளக்கரைப் புதரில் ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் இருந்தது. எந்நேரமும் சளசளவென்று பேச்சுதான்! இரை பொறுக்க இறங்கினால் மட்டும் கப்சிப். ஒரு குருவி மட்டும் உச்சிக் கிளையில் காவல் இருந்து, "கிர்ர்... கிர்ர்..." என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் கேட்கிறவரை கீழே யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அவ்வளவு நம்பிக்கை!

அன்று முதன்முதலாகக் காவலுக்கு ஏறியவன் கீரன். "நான் இனிமே சின்னப் பையன் இல்ல, தெரியுமா!" என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

"சரிங்க பெரியவரே!" என்று கீழிருந்து சிரித்தாள் அவன் தோழி மினுக்கி.

விடிய விடிய மழை பெய்திருந்தது. புற்றிலிருந்து பொலபொலவென்று ஈசல் கிளம்பியது. கீழே எல்லோரும் அள்ளி அள்ளித் தின்றார்கள். கீரனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இறங்கினால் திட்டு விழுமே! அந்தக் கெட்டிக்காரன் என்ன செய்தான் தெரியுமா? யாருக்கும் தெரியாமல் புதருக்குப் பின்னால் இறங்கி, ஈசலைத் தின்றுகொண்டே "கிர்ர்... கிர்ர்..." என்று குரல் கொடுத்தான்.

வல்லூறு வந்ததை யாருமே பார்க்கவில்லை. ஒரே பாய்ச்சலில் மினுக்கியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"காவல் சத்தம் கேட்டுச்சே! கேட்டுக்கிட்டேதானே இருந்துச்சு!" என்று கதறினாள் மினுக்கியின் அம்மா செம்பி.

கீரன் அலகில் ஈசல் இறக்கை ஒட்டியிருந்தது. எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"துரத்துங்க இவனை!" என்று கத்தியது கூட்டம். கூட்டத்தை விட்டுத் தனியாகப் போகிற குருவி எத்தனை நாள் பிழைக்கும்?

செம்பிதான் குறுக்கே வந்தாள். "வேண்டாம். நாளைக்கும் இவனே காவல் இருக்கட்டும்."

"சித்தி... என் குரலை இனி யாரு நம்புவாங்க?" கீரன் அழுதான்.

"உன்மேல பாவப்பட்டுச் சொல்லலடா. இனிமே ஈசலுக்காகக் கீழ இறங்காத ஒருத்தன் இருந்தா, அது நீதான். போய் ஏறு!"

ஏறினான். அடுத்த மழைக்கும் ஈசல் வந்தது. கீரன் அசையவில்லை. வல்லூறின் நிழல் தெரிந்ததும் தொண்டை கிழியக் கத்தினான். அத்தனை பேரும் புதருக்குள் பாய்ந்து தப்பித்தார்கள்.

"பிழைச்சோம்! கீரன் பெரியவனாயிட்டான்!" என்று கூட்டம் கூத்தாடியது. அதைக் கேட்டுக் கேலி பண்ண மினுக்கிதான் இல்லை.

மறுபடி இரை பொறுக்க இறங்கினார்கள். மற்றவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. செம்பி மட்டும், கீரன் குரல் கொடுக்கும்போதெல்லாம் நிமிர்ந்து, அவன் கிளையில் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டாள். கடைசிவரை அப்படித்தான். மேலிருந்து கீரனும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

தப்புச் செய்தவனுக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைக்கலாம்; அந்தத் தப்பால் போன உயிருக்கு அது கிடைப்பதில்லை.