யாருமில்லாத இடம் பார்த்து அடி

கோவில்பட்டிப் பக்கம் கொக்குமேட்டுப்பட்டி என்று ஓர் ஊர். அந்த ஊர் ஹாக்கி அணியில் பதினொரு பேரும் பயிற்சியாளர் சொன்ன சொல் தட்டாதவர்கள். தொல்லையே அதுதான்.

மூன்று வருஷமாக ஒரு கோல்கூடப் போட்டதில்லை. பந்து அவர்கள் கோல் பக்கத்தை விட்டு நகர்ந்தால்தானே!

புதிதாக வந்த ஜெபஸ்தியான் சார் முதல் நாளே சொன்னார்: "பந்தை நம்ம ஏரியாவை விட்டு வெளியே கொண்டு போங்கப்பா."

கொண்டு போனார்கள். ஒருவருக்கொருவர் அழகாகத் தட்டிக்கொடுத்து, கேட்டைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, அடுத்த ஊர் எல்லைப் பலகைவரை. சார் சைக்கிளில் துரத்திப் பிடித்தார்.

"எதுவரைக்கும்னு சொல்லலையே சார்" என்றான் கேப்டன் கொம்பையா.

"தலையைத் தூக்கிப் பார்த்து ஆடுங்க" என்றார் மறுநாள். பதினொரு பேரும் அண்ணாந்தார்கள். "ரெண்டு பருந்து சார்" என்றான் கோல்கீப்பர் குருவையா.

கடைசியாகச் சார் கெஞ்சினார்: "எதிராளி நெருக்கினா, யாருமில்லாத இடமாப் பார்த்து அடிங்க. அது போதும்."

போட்டி வந்தது. டிரா ஆனாலே மாவட்டப் போட்டிக்குப் போகலாம். இரண்டு நிமிஷம் பாக்கி, இரு பக்கமும் கோல் இல்லை. பந்து தடுப்பாட்டக்காரன் சங்கிலிப்பாண்டியிடம். நான்கு பேர் பாய்ந்து வந்தார்கள்.

"கொம்பையாண்ணே, யாருமில்லாத இடம் எது?"

"வலது பக்கம் பாரு."

"ரெண்டு பேர் நிக்காங்க."

"இடது பக்கம்?"

"நம்ம செல்லப்பா நிக்கான்."

"நம்மாளும் ஆள்தான். அங்கயும் அடிக்கக் கூடாது."

இந்த ஆலோசனையைக் கேட்டு எதிரணியே திகைத்து நின்றுவிட்டது.

"நான் இங்க வந்துட்டேன்," என்றான் குருவையா யோசனையோடு. "அப்ப நம்ம கோலுக்குள்ள யாருமில்லையே!"

ஓங்கி ஒரே அடி. பந்து சொந்தக் கோல் வலைக்குள்.

நடுவர் விசில் ஊதினார். "வட்டத்துக்குள்ள எதிரணி மட்டை படலை. கோல் செல்லாது. அவங்களுக்குப் பெனால்டி கார்னர்."

சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொம்பையாவோ கொதித்தான். "மூணு வருஷத்துல மொத கோல்! எப்படிச் செல்லாதுங்கலாம்?"

"அது உங்க கோலுய்யா!" என்றார் நடுவர்.

"எங்க கோல்ல நாங்க போட யாரைக் கேக்கணும்?"

பதினொரு பேரும் மைதானத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். "எழுந்திரிக்கலைன்னா தோத்ததா எழுதிருவேன்" என்றார் நடுவர்.

"என்னத்தையும் எழுதுங்க. பக்கத்துலயே கோலுன்னும் எழுதுங்க."

இரண்டையும் எழுதிவிட்டார்.

வேட்டுச் சத்தத்தோடு ஊர்வலம் புறப்பட்டது. கொம்பையா தோளில் உட்கார்ந்திருந்த ஜெபஸ்தியான் சார் தேம்பித் தேம்பி அழுதார்.

சங்கிலிப்பாண்டி அவர் காலைத் தட்டிக்கொடுத்தான். "ஒண்ணுக்கே இப்படி அழுதா எப்படி சார்? அடுத்த மேட்ச்ல ரெண்டு போடுறோம்."