ஆட்காட்டி கூட்டை விட்ட கதை

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் மனிதருக்கும் பேச்சுவார்த்தை இருந்தது. இன்று ஆட்காட்டி என்கிறோமே, அந்தப் பறவைக்கு அப்போது வேறு பெயர். முகத்தில் சிவப்பும் கிடையாது. குளக்கரைப் பூவரச மரத்தில், கோரையும் தாமரை நாரும் வைத்து அது பின்னும் கூட்டைப் பார்க்க, போகிறவர்கள் நின்று போவார்கள். முட்டைகள் நல்ல வெள்ளை.

குளத்தை ஒட்டிய வீட்டில் சலேத்தம்மாள் இருந்தாள். முந்தின வருஷம் அவளுக்குப் பிறந்த பிள்ளை, பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. ஆறுதல் சொல்ல வந்த சனமெல்லாம் கொஞ்ச நாளில் நின்றுவிட்டது. இந்தப் பறவை மட்டும் தினமும் முற்றத்துக்கு வந்து அவள் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகும். ஒன்றும் பேசாது. அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அந்த வருஷம் தவக்காலம் முடிகிற சமயம், அவள் புருஷன் வீட்டுக்கு ஒரு மேசை செய்து போட்டான். ஈஸ்டர் காலையில் பங்குச் சாமியார் வீட்டை ஜெபித்து மந்திரிக்க வருவார். துக்கம் கிடந்த வீடு என்று யாரும் பார்த்தவுடன் சொல்லக் கூடாது. சலேத்தம்மாளின் ஆசை அவ்வளவுதான். மேசையில் வெள்ளைத் துணி விரித்தாள், மெழுகுதிரி வைத்தாள். நடுவில் வைக்க எதுவும் மனதுக்குப் பிடிக்கவில்லை. பறவையிடம் போனாள்.

"உன் கூட்டை ஒரு பொழுதுக்குத் தருவியா? சாமியார் வந்துட்டுப் போனதும் கொண்டாந்துருவேன்."

"முட்டை இருக்கே, சலேத்து."

"முட்டையோடதான் கேக்குறேன். அதுதானே அழகு."

பறவை யோசித்தது. "சூடு ஆறக் கூடாது. ஆறிட்டா எல்லாம் போச்சு."

"எம் பிள்ளைன்னா எப்படிப் பாத்துக்குவேனோ, அப்படிப் பாத்துக்குறேன்."

அந்த வார்த்தைக்கு மேல் பறவையால் மறுக்க முடியவில்லை.

சூடு ஆறக் கூடாது என்றுதான் அவள் கூட்டை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு மேசைக்குப் பூப் பறிக்கப் போனாள். அடுப்படியில் நாத்தனார் ஞானசௌந்தரி கோழிமுட்டைகளை அவித்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புச் சாயத்தில் முக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கை சும்மா இருக்காது.

பூவோடு வந்த சலேத்தம்மாளிடம், "மதினி, கூட்டுல நாலு முட்டைய விட்டுட்டீங்க பாருங்க. நானே அவிச்சுச் சாயம் போட்டு வச்சுட்டேன்" என்றாள். நல்லது செய்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில்.

சலேத்தம்மாள் அவளைத் திட்டவில்லை. கூடு மேசை நடுவில் ஏறியது. சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு, இந்த ஊரிலேயே இப்படியொரு மேசையைப் பார்க்கவில்லை என்றார். எல்லாரும் சாப்பிட்டார்கள். சலேத்தம்மாள் மட்டும் சாப்பிட உட்காரவில்லை.

மத்தியானம் கூட்டைத் திரும்பக் கொண்டுபோனாள். பறவை முட்டைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"ஏன் செவந்து கெடக்கு?"

"திருநாளுக்குச் சாயம் போட்டோம்."

"உள்ள ஒண்ணும் ஆகலையே?"

சலேத்தம்மாள் உள்ளதைச் சொல்ல வாயெடுத்தாள். அது தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களெல்லாம் கண்முன் வந்தன. "ஒண்ணும் ஆகல" என்றாள்.

பறவை அடைகாத்தது. சித்திரை வெயில் கொளுத்தியது. குளத்து நாரைகளும் கொக்குகளும் குஞ்சு பொரித்து, அவை பறக்கவும் பழகின. "இன்னும் சத்தமே வரல, சலேத்து" என்று பறவை கேட்கும்போதெல்லாம், "சிலது தாமதமாத்தான் பொரிக்கும்" என்பாள். பறவை நம்பியது. முட்டைகளின் மேல் முகத்தை வைத்து உள்ளே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தது. சாயம் முகத்தில் ஒட்டியது.

ஒரு நாள் ஒரு முட்டை வெடித்து நாறியது. உள்ளே வெந்து இறுகிய மஞ்சள் கரு இருந்தது.

பறவை முற்றத்துக்கு வந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்னைக்குத் தெரியும்?"

"அன்னைக்கே. நாத்தனா தெரியாம அவிச்சுட்டா."

"அவிச்சவ தெரியாம அவிச்சா, அவளை விடு. இத்தனை நாளும் என்னை அது மேல உக்கார வச்சது நீ."

சலேத்தம்மாள் அழுதாள். பறவை இந்த முறை அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

அது கூட்டைக் கொத்திப் பிய்த்துக் குளத்தில் போட்டது. மரத்தை விட்டே இறங்கியது. அடுத்த முட்டைகளைக் கல்லும் மண்ணுமான வெறுந்தரையில், அந்த மண்ணின் நிறத்திலேயே புள்ளி புள்ளியாக இட்டது. எந்த மேசையிலும் யாரும் வைக்க விரும்பாத நிறம். முகத்துச் சிவப்பு மட்டும் எத்தனை முறை குளத்தில் முங்கியும் போகவில்லை.

அடுத்த ஈஸ்டருக்கு அந்த மேசையில் ஒன்றும் வைக்கப்படவில்லை. சலேத்தம்மாள் மன்னிப்புக் கேட்கக் குளக்கரைக்குப் போனாள். அவள் தலை தெரிந்ததுமே பறவை எழும்பி அலறியது. அந்தச் சத்தத்தில் குளத்துப் பறவைகள் அத்தனையும் பறந்துவிட்டன. சொல்ல வந்ததைக் கேட்க ஒருவரும் இல்லாமல் அவள் நின்றாள்.

அன்று முதல்தான் ஆட்காட்டி, வருகிறவர் நல்லவரா கெட்டவரா என்று பார்ப்பதில்லை. ஆள் என்று தெரிந்தாலே கத்துகிறது.