நோட்டீஸில் ஒரு சொல்

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஜெபக்கூடத்தின் பின்சுவரில் கிர்ரென்று ஒரு சத்தம். நின்றது. மறுபடியும் கிர்ர். யாரோ இரும்பு டேப்பைச் சுவரோடு இழுத்து அளந்துகொண்டிருந்தார்கள்.

சிஸ்டருக்குத் துணையாகப் படுக்க வந்திருந்த அருளாயி, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஜெபக்கூடம் ஆக்கிரமிப்பு, அதை மூட வேண்டும் என்று மனு போட்டவர்கள்தான் வெளியே நின்றார்கள். தேர்தலுக்கு இன்னும் நான்கு நாள்.

சிஸ்டர் ஜெசிந்தா அவளைவிட ஆறு வயது சின்னவர். ராத்திரிகளில் அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்துவந்தார். சத்தம் கேட்டும் பாடத்தை நிறுத்தவில்லை.

ஒரு கார் வந்து நின்றது. வேட்பாளர் கோவர்த்தனன் இறங்கி ஓர் அதட்டல் போட்டார். அளந்தவர்கள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். அருளாயிக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். மனு விஷயத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஜெபக்கூடத்து ஜனங்களுக்கென்று ஒரு தேர்தல் நோட்டீஸ் கொண்டுவந்திருந்தார். சிஸ்டர் அதில் கையெழுத்துப் போட்டால் போதும், தெருவின் நாற்பது வீட்டு ஓட்டும் சிந்தாமல் விழும் என்றார். இல்லையென்றால் மனு அதன் போக்கில் போகும் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

சிஸ்டர் நோட்டீஸை அருளாயியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் தட்டுத்தடுமாறி வாசித்தாள்.

"எங்கள் மண்ணில் உங்களுக்கு என்றும் பாதுகாப்பு உண்டு."

சிஸ்டர் சிவப்புப் பேனாவை எடுத்தார். 'எங்கள்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'நம்' என்று எழுதினார்.

"ஒரு சொல்தான் சார். நாளைக்குக் கடைவீதிக் கூட்டத்துல, மனு போட்டவங்க முன்னாடி, இத மைக்ல வாசிச்சிருங்க. அப்புறம் கையெழுத்துப் போடுறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே சிஸ்டர்."

"ஒண்ணுன்னா வாசிக்கிறதுல என்ன சிரமம்?"

கூட வந்த ஒருவன், அண்ணனுக்கே இலக்கண வகுப்பா என்று கிண்டலடித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. திருத்திய வரியையே பார்த்தபடி இருந்தார். பிறகு நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். இனிமேல் யார் வந்து சுவரை அளந்தாலும் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் சத்தம் தேய்ந்ததும் அருளாயிக்கு அழுகை முட்டியது. நமக்கென்று வந்தது அவர் ஒருத்தர்தான், ஒரு சொல்லுக்காக அவரையும் விரட்டிவிட்டீர்களே என்று கேட்டாள். நாளைக்கே வந்து சீல் வைத்தால் பிள்ளைகுட்டிகளை எங்கே கூட்டிப்போய் ஜெபிப்பது?

சிஸ்டர் பேனாவை மூடினார்.

"பாதுகாப்புன்னாரே, யாரு வீட்டுலக்கா?"

அருளாயி 'எங்கள் மண்ணில்' என்பதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அவரு வீட்டுல," என்றாள் மெதுவாக.

"சரி, நேரமாச்சு. கதவத் தாழ் போடுங்க."

"உங்களுக்கும் பயமா இருக்கா சிஸ்டர்?"

"இருக்கு. ஆனா விருந்தாளியா வந்தவங்க எந்திரிச்சுத் தாழ் போடுவாங்களா? வீட்டுக்காரங்கதான் போடணும்."

அருளாயி பிள்ளையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு எழுந்து போனாள். உள்தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள்.