முச்சந்திச் சாமியும் முள்ளம்பன்றியும்

ஒரு காட்டில் மூன்று பாதைகள் கூடும் முச்சந்தியில் ஒரு முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தது. சுத்தம் என்றால் அதற்கு உயிர். தன் முதுகு முள்ளாலேயே வாசலைப் பெருக்கும். பெருக்கிய இடத்தில் ஓர் இலை விழுந்துவிட்டால் மரத்தைப் பார்த்து முறைக்கும்.

பாவம், அதற்கு வாய்த்த அக்கம்பக்கம் அப்படி. கரடி எந்நேரமும் தின்றுகொண்டிருக்கும். குரங்கு கண்டதையெல்லாம் பொறுக்கிவரும். நரிக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யும். மூன்றும் தங்கள் வீட்டு மிச்சத்தை முச்சந்தியில் கொண்டுவந்து கொட்டின. வாழைத்தோல், மீன்முள், தேனடைச் சக்கை, காட்டோரச் சாலையிலிருந்து குரங்கு அள்ளிவந்த பாலிதீன் பைகள், எல்லாம் அங்கேதான்.

குப்பை ஏறி ஏறி, வளையை ஒட்டிப் போகும் ஓடையைப் பாதி அடைத்துவிட்டது. மழைக்காலமோ நெருங்கிவிட்டது. ஓடை முழுவதும் அடைபட்டால் வெள்ளம் நேரே வளைக்குள்தான் பாயும். உள்ளே இரண்டு குட்டிகள் இருந்தன. முள்ளம்பன்றிக்குத் தூக்கமே போய்விட்டது.

"கரடி மாமா, உங்க குப்பையை உங்க வாசல்லயே போடக் கூடாதா?" என்று கேட்டது.

"நாறுமேம்மா," என்றது கரடி, பெரிய நியாயம் பேசுவதுபோல.

கெஞ்சிப் பார்த்தது. சண்டை போட்டும் பார்த்தது. ஒன்றும் பலிக்கவில்லை. அதனால் ஒரு நாள் விடிகிற நேரத்தில் ஒரு நெட்டைக் கல்லை உருட்டிவந்து முச்சந்தியில் நட்டது. செம்மண்ணைக் குழைத்துப் பூசியது. உச்சியில் இரண்டு காட்டுப் பூக்களைச் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் வாசலில் உட்கார்ந்துகொண்டது.

கை நிறைய வாழைத்தோலோடு வந்த கரடி, கல்லைக் கண்டதும் நின்றுவிட்டது.

"இது யாரு?"

"தெரியல மாமா. எந்திரிச்சுப் பார்த்தா நிக்குது."

கரடி பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கையில் தோல் இருந்ததை மறந்துவிட்டதால் முகமெல்லாம் வாழைப்பழம் ஆயிற்று. கொண்டுவந்த குப்பையோடு அப்படியே திரும்பிப் போனது. பின்னால் வந்த குரங்கும் நரியும்கூடக் கும்பிட்டுவிட்டுக் குப்பையோடு நழுவின.

முள்ளம்பன்றி உள்ளே ஓடிக் குட்டிகளிடம், "உங்க அம்மாவுக்கு எவ்வளவு மூளை, பாத்தீங்களா?" என்று கேட்டது.

அந்தப் பெருமை இரண்டு நாள்தான் நிலைத்தது. நரி வந்து தொண்டையைக் கனைத்தது.

"சாமியை வெறுங்கையோடவா கும்பிடுறது? காடு உருப்படுமா?"

பிறகு கேட்க வேண்டுமா? கரடி தார் தாராக வாழைப்பழம் கொண்டுவந்து படைத்தது. படைத்த கையோடு தானே தின்றது. நரி தன்னைத்தானே பூசாரியாக நியமித்துக்கொண்டு, தேங்காய்களை உடைத்துத் தள்ளியது. குரங்கு பாலிதீன் பைகளைக் கோத்துத் தோரணம் கட்டியது. தோரணம் பார்க்க நன்றாகவே இருந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் முன்பு கூடை கூடையாக விழுந்த குப்பை இப்போது வண்டி வண்டியாக விழுந்தது.

"நரி அண்ணே, இந்தக் குப்பை..." என்று முள்ளம்பன்றி தொடங்கியது.

"பிரசாதத்தைக் குப்பைங்கிறியா? நாக்கு அழுகிடும், பாத்துக்கோ."

முள்ளம்பன்றிக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது. கல்லை நட்டது அதுவேதான், யாரிடம் போய் அழுவது?

மறுநாள் காலை வானம் கறுத்து இடி இடித்தது. முள்ளம்பன்றி ஓடையைப் பார்க்கப் புறப்பட்டால், வளையின் வாசலே அடைபட்டுக் கிடந்தது. முதுகைக் கொடுத்து ஒரே முட்டாக முட்டியது. குப்பை சரிந்து, முள்ளம்பன்றி வெளியே வந்து விழுந்தது. முள்ளுக்கு முள் ஏதோ ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது: வாடிய மாலை, தொன்னை, வாழைத்தோல். வந்த ஆத்திரத்தில் உடம்பை ஓர் உதறு உதறியது. முட்கள் சலங்கைபோலச் சலசலத்தன.

பூசைக்காக வெளியே நின்றிருந்த கரடி அதைப் பார்த்தது. "சாமி வந்திருச்சு!" என்று தடாலெனக் காலில் விழுந்தது. குரங்கும் விழுந்தது.

நரியும் கைகட்டிக்கொண்டு, "என்ன குறை வச்சோம் சாமி? சொல்லு," என்றது.

"நான் சாமி இல்லடா," என்று சொல்லத்தான் முள்ளம்பன்றி வாயைத் திறந்தது. அதற்குள் இன்னோர் இடி இடித்தது. குட்டிகளின் நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டு மறுபடி ஓர் உதறு உதறியது.

"பழத்தைத் தின்னது யாரு?" என்று சாமியாடும் குரலில் கேட்டது.

"நான்தான் சாமி," என்றது கரடி.

"தேங்காயைத் தின்னது?"

"பூசாரிங்கிற முறையில நான்," என்றது நரி.

"பையைப் பொறுக்கிட்டு வந்தது?"

குரங்கு தலையைச் சொறிந்தது. "நான். ஆனா அது மனுஷனோட பை, சாமி."

"எனக்கு ஒரு பழமாவது மிச்சம் வச்சீங்களா?"

கரடி வாயோரத்தில் ஒட்டியிருந்த பழத்தை அவசரமாகத் துடைத்துக்கொண்டது.

"பழம் உங்களோடது. அப்போ தோல் மட்டும் எப்படி என்னோடதாச்சு?"

கரடி நெடுநேரம் யோசித்தது. அது வழக்கமாக யோசிக்கிற பிராணி இல்லை. "அதுவும் எங்களோடதுதான் போலிருக்கு," என்றது கடைசியில்.

"அப்போ எடுங்க."

மாதக்கணக்கில் கெஞ்சியும் நடக்காதது மளமளவென்று நடந்தது. நரி முதல் தடவையாகக் கையால் வேலை செய்து குழி வெட்டியது. தோலும் தொன்னையும் மாலையும் அந்தக் குழிக்குள் போயின. குரங்கு பைகளையெல்லாம் சுமந்துகொண்டு சாலையோரக் குப்பைத்தொட்டிக்குப் போனது. கரடி ஓடையில் இறங்கித் தேங்காய் ஓடுகளை வாரி வெளியே எறிந்தது.

கரடி கரையேறியதும் மழை கொட்டியது. வெள்ளம் ஓடையோடு போய்விட்டது. வளைக்குள் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. முள்ளம்பன்றி அவற்றின் பக்கத்தில் படுத்து, நிம்மதியில் கொஞ்சம் அழுதது.

தோலைச் சுமந்துபோய்ப் புதைப்பது கரடிக்குத்தான் பெரிய பாடாக இருந்தது. அதனால் அன்றிலிருந்து அது வாழைப்பழத்தைத் தோலோடு தின்னப் பழகிக்கொண்டது.

நீதி: பழம் தின்றவருக்கே தோலும் சொந்தம்.