களைப்பு எத்தனை மரக்கால்?

கருவேலங்கோட்டை ராஜா கொழுந்தப்ப பூபதிக்கு ஒரே ஒரு கவலைதான். நாட்டுல மழை இல்லையேன்னா? அதெல்லாம் இல்ல. போன வருஷம் கால்பந்துல செம்பாறை நாட்டுக்காரன் ஏழு கோல் போட்டுட்டானேன்னு. இந்த வருஷ ஆட்டத்துக்கு இன்னும் எட்டே நாள்.

ஆட்டக்காரங்களைப் பழக்குற பொறுப்பு தளவாய் சண்டமாருதத்துக்கு. அந்த ஆளு பழக்குற அழகைச் சொல்லணும். அவரு குதிரை மேல. அவரு தலைக்கு மேல குடை. பதினொரு பேரும் உச்சி வெயில்ல, முதுகுல மணல் மூட்டையோட கோட்டையைச் சுத்தி ஓடணும். ஒரு நாளைக்கு ஒன்பது சுத்து. நிழல்ல உக்காந்துக்கிட்டு வெயில்ல ஓடுறவனைச் சோம்பேறின்னு சொல்றதுக்குத் தனித் தெம்பு வேணும். தளவாய்க்கு அது குறையாம இருந்துச்சு.

அன்னைக்குப் பேச்சிமுத்து மயங்கி விழுந்துட்டான். அந்தக் கூட்டத்துல கோல் போடத் தெரிஞ்ச ஒரே ஆளு. சபையில ஓலை எழுதுற வெள்ளச்சி அதைக் கோட்டை மதில்லேருந்து பாத்துட்டா. இப்படியே போனா ஆட்டத்தன்னைக்குப் பந்தை உதைக்க ஆள் இருக்காது, இவங்களைத் தூக்கிட்டுப் போகத்தான் ஆள் வேணும்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. நேரா ராஜாகிட்டப் போய்ச் சொன்னா.

"நடிப்பு மகாராஜா," ன்னாரு பின்னாலேயே வந்த தளவாய். "நானே நிக்க வச்சுக் கேட்டேன். இன்னைக்குப் பட்ட கஷ்டம் எவ்வளவுடா, காலா, அரையா, முக்காலா, முழுசான்னு. பதினொரு பேரும் ஒரே குரல்ல 'கால்'னுட்டாங்க. வெறும் கால்! நாளையிலேருந்து மூட்டையை ரெண்டாக்கப் போறேன்."

"கேக்கும்போது உங்க கையில என்ன இருந்துச்சு தளவாயாரே?" ன்னா வெள்ளச்சி.

"சவுக்கு."

"சவுக்கு கேட்டா கால்னுதான் வரும். நான் கேக்குறேன், என்ன வருதுன்னு பாருங்க."

ராஜா குறுக்க வந்தாரு. "களைப்பு அவனவன் உடம்புக்குள்ள இருக்குற சமாச்சாரம். அதை நீ எப்படி அளப்ப?"

"அவனவனையே கேட்டுத்தான் மகாராஜா."

"வாய்ப்பேச்சு எனக்கு வேணாம். நெல்லு அளக்குறோம்ல, அந்த மாதிரி அளந்து சொல்லு. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள இவங்க களைப்பு இத்தனை மரக்கால்னு எனக்குத் தெரியணும். இல்லேன்னா நாளன்னைக்கு நீயும் மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடு."

வெள்ளச்சி கடைசியா ஓடுனது எப்போன்னு அவளுக்கே ஞாபகம் இல்ல.

மறுநாள் ஓட்டம் முடிஞ்சதும், ராஜா கூப்பிடுறாருன்னு ஒரு பொய்யைச் சொல்லித் தளவாயை அனுப்பிவிட்டா. எல்லாருக்கும் மூச்சு வாங்குறது குறையுற வரைக்கும் காத்திருந்தா. அப்புறம் ஒவ்வொருத்தனா புளியமரத்துக்குப் பின்னால வரச் சொன்னா. ஆளுக்குப் பத்து புளியங்கொட்டை, ஒரு கொட்டாங்குச்சி.

"கட்டில்ல படுத்துக் கிடந்த மாதிரி இருந்தா ஒண்ணும் போடாத. இதுக்கு மேல ஒரு அடி வச்சா பாடைதான்னு இருந்தா பத்தையும் போடு. நடுவுல எவ்வளவோ அவ்வளவு. நான் திரும்பிக்கிறேன்."

ஒருத்தன் ஒன்பது போட்டான். அடுத்தவன் பத்து. அதுக்கடுத்தவனும் பத்து. பேச்சிமுத்து கொட்டாங்குச்சியில மட்டும் பதினொண்ணு.

"ஏம்ப்பா, நான் பத்துதானே குடுத்தேன்?"

"பத்து பத்தலக்கா. மரத்தடியில ஒண்ணு பொறுக்கிப் போட்டேன்."

சாயங்காலம் சபையில பதினொரு கொட்டாங்குச்சியையும் வரிசையா வச்சா. தளவாய் விழுந்து விழுந்து சிரிச்சாரு.

"ஏம்மா ஓலைக்காரி, இதை வச்சுப் பல்லாங்குழி வேணா ஆடலாம். மகாராஜா கேட்டது மரக்கால். இது எல்லாத்தையும் கொட்டினாலும் ஒரு படிகூடத் தேறாதே."

ராஜா மீசையைத் தடவினாரு. "அவரு சொல்றதும் சரிதானே வெள்ளச்சி. மரக்கால் எங்க?"

"வெளியில நிக்குது மகாராஜா. வரச் சொல்லட்டுமா?"

பதினொரு பேரும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உள்ள வந்தாங்க.

"உக்காருங்கப்பா," ன்னாரு ராஜா.

ஒருத்தனும் உக்காரல.

"நீங்க சொல்லியும் நிக்கிறாங்க பாருங்க, திமிரு," ன்னாரு தளவாய்.

பேச்சிமுத்து பயந்துபோய் உக்காரப் பாத்தான். முட்டி மடங்கல. வெட்டிவிட்ட பனை மாதிரி நீட்டமா சாஞ்சான். ராஜா பதறி இறங்கி வந்து அவன் காலைத் தொட்டுப் பாத்தாரு. விரலை மடக்கித் தட்டிப் பாத்தாரு.

"என்ன இது, காலு மரம் மாதிரி இருக்கு?"

"அதேதான் மகாராஜா. மரக்கால். ஆளுக்கு ரெண்டு. பதினொரு பேருக்கு இருபத்திரெண்டு மரக்கால். கணக்கு சரியான்னு நீங்களே தட்டிப் பாத்துட்டீங்க."

ராஜா சிரிச்ச சிரிப்புல கிரீடம் காதுக்கு வந்துருச்சு. மூட்டை அன்னைக்கே ஒழிஞ்சுது. எல்லாருக்கும் ரெண்டு நாள் ஓய்வு. இனிமே தினமும் புளியங்கொட்டையை எண்ணிப் பாத்துட்டுத்தான் மறுநாள் பயிற்சின்னு உத்தரவாச்சு.

"உனக்கு என்ன வேணும், கேளு."

"எனக்கு ஒண்ணும் வேணாம் மகாராஜா. தளவாயார் ஒரே ஒரு நாள் மூட்டையோட ஓடட்டும். இவங்க சொன்னது பொய்யா நிஜமான்னு அவருக்கே தெரிஞ்சிரும்."

ஆட்டத்தன்னைக்குப் பேச்சிமுத்து மூணு கோல் போட்டதெல்லாம் அப்புறம் நடந்த கதை. அதுக்கு முன்னால இதைக் கேளுங்க.

மறுநாள் தளவாய் ஓடுனாரு. ஒன்பது சுத்து இல்ல, ரெண்டே சுத்து. ரெண்டு பேரு கைத்தாங்கலா கொண்டாந்து ராஜா முன்னாடி விட்டாங்க. கெண்டைக்கால் பிடிச்சு இழுக்க, ரெண்டு கையாலயும் அதை அமுக்கிக்கிட்டுக் கிடந்தாரு.

"எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தளவாயாரே?" ன்னு ராஜா அக்கறையாத்தான் கேட்டாரு.

எங்க வலிக்குதுன்னு சொல்லத்தான் தளவாய் வாயைத் திறந்தாரு. மூச்சு இடம் குடுக்கல.

"கால்... ஐயோ... கால்..."

வெள்ளச்சி ஓலையை எடுத்து நிதானமா எழுதிக்கிட்டா.

"வெறும் கால்தானாம் மகாராஜா. இன்னும் முக்கால் மிச்சம் இருக்கு. ஓடச் சொல்லுங்க."